நெக்கேசா கதையில் வந்த கொடுக்காப்புளி மரம்

மத்தியானச் சங்கு ஊதியதுதான் தாமதம், மடிப்பு செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகக் கண்டெய்னர் நிழலுக்கு ஓடினார்கள். காலையிலிருந்து நின்றபடியே கொசுவலை மடித்த கால்கள் அவை. சாயங்காலம் பஸ் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குகிற கால்கள். ஆனாலும் அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். முதலில் போகிறவளுக்குத்தான் ரோசம்மாள் பக்கத்தில் இடம்.

"ஏய், தள்ளிக் குந்துடி. காலையிலயே துண்டு போட்டு வெச்ச எடம் இது" என்றாள் குப்பம்மாள்.

"துண்டு போட இது இன்னா பஸ்ஸா யக்கா?" என்றாள் ஜெனிபர்.

"பஸ்ஸவிட மேலு. எங்க பஸ்ஸு கவரப்பேட்டையோட நின்னுடுது. இது ஆப்பிரிக்கா வரிக்கும் போவுது."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கொசுவலை தைக்கிற கம்பெனி அது. அங்கே தைத்து, மடித்து, மூட்டை கட்டுகிற வலையெல்லாம் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. வலைக்கு முன்னாலேயே அந்தப் பெண்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ரோசம்மாள் மடியில் இருந்த புத்தகம்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது.

ரோசம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. எழுத்துக் கூட்ட ஆரம்பித்ததே கொரோனா வந்த வருஷம்தான். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தபோது, மகள் பிரின்சியின் பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்து, அவளிடமே கேட்டுக் கேட்டுப் படித்தாள். அப்புறம் கடை போர்டு, பஸ் போர்டு. அப்புறம் சர்ச்சில் பாட்டுப் புத்தகம். அத்தனை வருஷம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்தைப் பார்த்தே பாடினாள். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

மணவாள நகரில் பழைய பேப்பர் கடை ஒன்று. அவள் வீட்டுக்குப் போகிற வழிதான். அங்கே எடைக்கு வந்த குவியலில் இந்தப் புத்தகம் கிடந்தது. மேல் அட்டை இல்லை. பேர் இல்லை, எழுதினவள் பேரும் இல்லை. தமிழில் இருந்தது, ஆனால் ஊர் தமிழ்நாடு இல்லை. கடைக்காரரிடம் கேட்டாள். "கிழிஞ்சதுதானம்மா, எத்துக்கினு போ" என்றார். ரோசம்மாள் முதல்முதலாக முழுசாகப் படித்த புத்தகம் அதுதான். முழுசாக என்று சொன்னால் பொய். அந்தப் பொய்யில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து விரல் வைத்து அவள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து குப்பம்மாள்தான் முதலில் கேட்டாள்: "இன்னாடி முணுமுணுக்கிற? ஜெபமா?"

"கதை யக்கா."

"கதைன்னா சத்தமாப் படிக்க வேண்டிதுதான? நாங்க மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?"

அன்று ஆரம்பித்தது. கென்யா தேசத்தில் ஒரு பெண், பேர் நெக்கேசா. தன் வாழ்க்கையைத்தான் எழுதியிருந்தாள். ஆனால் கதை மாதிரி எழுதியிருந்தாள். அப்பா அவளை வெள்ளைக்காரர்களின் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே அவளுக்கு மார்கரெட் என்று பேர் வைக்கிறார்கள். தாய் பாஷையில் பேசியதற்காகக் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

அந்த இடம் வந்தபோது ஜெனிபர், "எங்க ஸ்கூல்ல கட்டை இல்ல, ஃபைன். தமிழ்ல பேசினா ரெண்டு ரூபா. நான் கட்டின டப்புல சிஸ்டருங்க ஒரு மாடியே கட்டியிருப்பாங்க" என்றாள். எல்லாரும் புரையேறச் சிரித்தார்கள்.

நெக்கேசாவுக்கு இரண்டு பேர் இருந்ததும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. ரோசம்மாளுக்கும் அப்படித்தானே? சர்ச்சுக்கு ரோசம்மாள், ஜாதி சர்டிபிகேட்டுக்காக சர்க்காருக்குப் பச்சையம்மாள். கம்பெனி ரிஜிஸ்டரிலும் பச்சையம்மாள்தான். சூப்பர்வைசர் அன்புராஜ் அந்தப் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறார் என்று நின்றுவிட்டு, அப்புறம்தான் "உள்ளேன் சார்" என்பாள். அதிலிருந்து, "மார்கரெட்டு, உன்னத்தான்டி" என்று பக்கத்தில் இருப்பவள் இடுப்பில் குத்துவாள்.

நெக்கேசா பெரியவளாகிறாள். குளிர் தேசத்துக்குப் போய்ப் படிக்கிறாள். கனவு கூட இங்கிலீஷில் வர ஆரம்பிக்கிறது. பல வருஷம் கழித்து, காலில் ஷூவோடு அம்மாவின் குடிசைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அந்தப் பக்கத்தின் கடைசி வரிகள் இவை: 'நெக்கேசா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். தூக்கிய கையைப் பார்த்து அவளுக்கே'

அவ்வளவுதான். அதற்கு மேல் புத்தகம் இல்லை. கிழிந்திருந்தது.

ரோசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் மெல்லவில்லை. குப்பம்மாள் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "தட்டினாளா? தட்டாதடி, உன் ஊடுடி அது! அப்புறம்? அப்புறம் சொல்லு" என்றாள்.

கிழிந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள் ரோசம்மாள். வந்தது வேறு. "உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. 'வெளியே நிற்கிறது யார்? தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்டாள். பெற்ற மகளைப் பார்த்து வழிப்போக்கரிடம் கேட்பதுபோல் கேட்டாள்."

குப்பம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ரோசம்மாளுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. தான் சொன்னதா இது? புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, படித்தவர்கள் எழுதுகிற மாதிரியே வந்ததே!

அன்று முதல் தினமும் இதுதான். புத்தகத்தை முதலிலிருந்து விரித்து வைத்துக்கொள்வாள். விரல் நெக்கேசா பிறந்த பக்கத்தில் ஓடும். வாய் ரோசம்மாள் பிறந்த ஆரணி ஆற்றுப் பக்கத்து வயலில் நிற்கும். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புவாள். விரலில் எச்சில் தொட்டுக்கூடத் திருப்புவாள். காலையில் வலை மடிக்கும்போதே மத்தியானம் சொல்லப்போகிறதை மனசுக்குள் மடித்து மடித்து அடுக்குவாள். உடம்பு ஓய்ந்திருக்கும், உள்ளே மட்டும் மேளம் கொட்டும்.

நெக்கேசா தன் சின்ன வயசை நினைத்துப் பார்க்கிற மாதிரி, கோழிக் கதையை அப்படித்தான் சொன்னாள். அறுப்பின் பண்டிகை வருகிறது. எல்லாரும் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். நெக்கேசாவின் அம்மாவுக்கு நிலம் இல்லை, ஒரே ஒரு கோழிதான். அதைக் கொண்டுபோய்ப் படைத்துவிடுகிறாள். சின்னப் பெண் நெக்கேசா, 'என் கோழி, என் கோழி' என்று தரையில் புரண்டு அழுகிறாள். ஏலத்தில் பூசணிக்காய் போகிறது, நெல் மூட்டை போகிறது. கோழி வருகிறது. அம்மா எழுந்து நின்று, தான் கொடுத்த கோழியைத் தானே ஏலம் கேட்கிறாள். கோயிலே சிரிக்கிறது. வாரக் கூலி முழுசும் அதில் போய்விடுகிறது. அடுத்த வருஷம் அதே கோழி. அதற்கடுத்த வருஷமும் அதே கோழி. மூன்றாவது வருஷம் பாஸ்டரே, 'இந்தக் கோழிக்கு வழி தெரியும், தானே வீட்டுக்குப் போய்விடும்' என்றாராம்.

"அய்ய, அந்தம்மா சாமியையே ஏமாத்திட்டா!" என்று ஜெனிபர் கைதட்டினாள்.

"ஏமாத்தலடி. மூணு தடவ குடுத்துக்கிறா" என்றாள் குப்பம்மாள்.

அடுத்த நாள் ரோசம்மாள் துரை பங்களாவைச் சொன்னாள். நாற்று நட்டுவிட்டு நெக்கேசாவின் அம்மா மகளோடு துரை வீட்டுப் பின்வாசலுக்குக் கூழுக்கும் தண்ணீருக்கும் போகிறாள். அங்கே வளைந்த கொடுக்காப்புளி மரம் ஒன்று இருக்கிறது. எந்தக் காலத்திலோ மாடு கட்டச் சுற்றிய சங்கிலியை மரம் தின்றுவிட்டது. ஒரு முனை மட்டும் பட்டைக்கு வெளியே தொங்கும். அந்த மரத்தடிதான் அவர்களுக்கு எல்லை. வேலியில் ஒரு தகர டப்பா தொங்கும். அவர்களுக்கென்றே வைத்தது. நெக்கேசா அதை எடுத்து நீட்டுவாள். வீட்டுக்கார அம்மா எட்டி நின்று, மேலிருந்து ஊற்றுவாள். தண்ணீர் பாதி டப்பாவில், பாதி நெஞ்சில். உள்ளே நடையில் உட்கார்ந்து ஒரு பெண் தலை பின்னிக்கொண்டிருப்பாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

குப்பம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் மூடியால் தரையில் தட்டித் தட்டிச் சொன்னாள்: "பாவிங்க! கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறதுல இன்னா கொறைஞ்சி பூடும்? அந்த வெள்ளக்காரி மட்டும் என் கையில மாட்டினா, அந்த டப்பாவாலயே மண்டையில நாலு போடுவேன்! தலை பின்னிக்கினு குந்தினிருந்தாளே, அவளுக்கும் ரெண்டு!"

ரோசம்மாள் குனிந்து பக்கத்தைத் திருப்பினாள்.

ஆப்பிரிக்காவில் கொடுக்காப்புளி உண்டோ இல்லையோ, அவளுக்குத் தெரியாது. அந்த மரம் ஆரணிக்குப் பக்கத்தில், கலியன் வீட்டுப் பின்வாசலில் நின்ற மரம். கலியன் குப்பம்மாளின் அப்பா. நடையில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்த பெண் குப்பம்மாள்.

குப்பம்மாளுக்கு இது தெரியாது. கல்யாணமாகி கவரப்பேட்டைக்கு வந்தவள். அப்பா நிலம் விற்றுத் தீர்ந்து, புருஷனும் போய், இப்போது அதே வலையை மடிக்கிறாள். ரோசம்மாள் தன்னைத் திருவள்ளூர்க்காரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே அவள் குப்பம்மாளைக் கண்டுகொண்டாள். குப்பம்மாள் கண்டுகொள்ளவில்லை. பின்வாசலில் நிற்கிற பிள்ளைகளின் முகத்தை யார் பார்த்தார்கள்? ஆனால் சுற்றுவட்டாரத்திலேயே ரோசம்மாளிடம் பாசமாக இருப்பவள் அவள்தான். ஜுரம் வந்தால் மாத்திரை வாங்கித் தருவாள். பஸ்ஸில் இடம் பிடிப்பாள். தெரிந்தால் நிலைக்குமா இது? நெக்கேசாவுக்காக அழுத கண், ரோசம்மாளுக்காகவும் அழுமா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசு துடித்தது. தெரிந்துவிடுமோ என்றும் துடித்தது.

அப்போதுதான் அன்புராஜ் வந்து சொன்னார்: "நாளைக்கு ஆப்பிரிக்காலருந்து நம்ம வலை வாங்கற மேடம் வராங்க. வலைய இழுத்துப் பாப்பாங்க, தையலப் பாப்பாங்க. எல்லாரும் கேப்பு போடணும். யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"வாயத் தொறக்காம எப்டி சார் கேக்கறது?" என்றாள் குப்பம்மாள். "நெக்கேசா இன்னா ஆனான்னு கேக்கணுமே!"

"யாரு நெக்கேசா? எந்த லைன்ல வேலை செய்யிது?"

கம்பெனியே குலுங்கிச் சிரித்தது. அன்புராஜ் ஒன்றும் புரியாமல் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று பெண்கள் கால் தரையில் பாவவில்லை. ஆப்பிரிக்காக்காரியே வருகிறாள்! மிச்சக் கதையை நேரிலேயே கேட்டுவிடலாம்! ரோசம்மாள் மட்டும் ஜெனிபரைத் தனியாக இழுத்து, "வாணாம் ஜெனி. அவங்க பெரிய ஆபீசரு. பேஜாராப் பூடும்" என்றாள்.

"போ யக்கா. நான் பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டு மூணு வருஷமா வலைய மடிச்சிக்கினு கீறேன். என் இங்கிலீஷுக்கு நாளைக்குத்தான் வேலை வந்துக்கீது."

மறுநாள் வந்த மேடம் குட்டையாக, அகலமாக, நெற்றியில் மஞ்சள் துணி கட்டி, பின்னல் பின்னலாகத் தலைமுடியோடு இருந்தார். வலையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். தையலில் நகத்தை விட்டு நோண்டினார். ஒவ்வொரு மேசையிலும் நின்று வணக்கம் சொன்னார். சங்கு ஊதியதும் அன்புராஜ் அவரை ஏசி ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போகத் திரும்பினார். குப்பம்மாள் குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"மேடம், கம்மு. சிட்டு. ஸ்டோரி."

அன்புராஜுக்கு வேர்த்துவிட்டது. மேடம் அவரைப் பார்த்தார், குப்பம்மாளைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். கண்டெய்னர் நிழலுக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெனிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடத்துக்கும் இவர்களுக்கும் நடுவே பேச்சு அவள் வழியாகத்தான் போய் வந்தது.

"மேடம் பேரு பாஸ்போர்ட்ல கிரேஸ். ஊட்ல அபேனாவாம்" என்றாள் ஜெனிபர்.

"ரெண்டு பேரு!" என்று கூட்டமே கத்தியது. பத்து விரல்கள் ரோசம்மாளைக் காட்டின. அபேனா ரோசம்மாளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நெக்கேசாவத் தெரியுமான்னு கேளு" என்றாள் குப்பம்மாள்.

தெரியாது. அபேனா கானா தேசம், நெக்கேசா கென்யா. ஆப்பிரிக்காவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமான தூரம். விமானத்திலேயே அரை நாள் போக வேண்டும் என்றார். கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஆப்பிரிக்கான்னா ஒரே ஊரு இல்லியா?" என்றாள் ஒருத்தி.

"பஞ்சாப்காரன் ஊட்டு விசேசத்த நம்மகிட்ட கேட்ட மாரி ஆயிடுச்சி" என்றாள் குப்பம்மாள். ஆனாலும் விடவில்லை. "பரவால்ல, கதையச் சொல்லு ஜெனி. கேட்டுட்டுப் போவட்டும்."

ஜெனிபர் சொன்னாள். நெக்கேசாவுக்குப் பேர் வைத்த சடங்கு, மாடு கொடுத்துப் பெண் கேட்பது எல்லாம் சொன்னாள். அபேனா ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியப்பட்டார். எங்கள் பக்கம் அப்படி இல்லை என்று தலையாட்டினார். "மேடம் டவுன்ல பொறந்தவங்களாம். அப்பா பேங்க்ல கிளார்க். ஊட்ல இங்கிலீஷ் மட்டுந்தான் பேசணுமாம். லீவுக்கு அம்மா ஊருக்குப் போனா, சொந்தக்காரப் பசங்களே 'வெள்ளக்காரி வர்றா'ன்னு கத்திக்கினு ஓடுவாங்களாம். அங்க போனா வெள்ளக்காரி, வெள்ளக்காரன் ஊருக்குப் போனா கருப்பி. கொசுவலை ஒண்ணுதான் எங்க போனாலும் கொசுவலையாவே கீதுன்றாங்க."

அபேனா சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் இருமிக்கொண்டார்.

அப்புறம் ஜெனிபர் கோழிக் கதைக்கு வந்தாள். கோழி ஏலத்துக்கு வந்த இடத்தில் அபேனா ஜெனிபரின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா எழுந்து நின்று ஏலம் கேட்ட இடத்தில் அவரே எழுந்து நின்றுவிட்டார். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஏலக்காரர் மாதிரி என்னென்னவோ கத்தினார். ஜெனிபரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"அவங்க சர்ச்சுலயும் இதே மாரிதானாம்! இதே பண்டிகை, இதே ஏலம்! அவங்கம்மா சேனைக்கெழங்கு கொண்டும்போய் வெச்சிட்டு, அதையே திரும்ப ஏலத்துல எடுத்துக்கினு வருவாங்களாம்! நல்ல கெழங்கு, விட மனசு வராதாம்! இது எங்க அம்மான்றாங்க! எங்க ஊருக்காரியே சொன்ன மாரி கீதுன்றாங்க!"

பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். ரோசம்மாளுக்குக் காது அடைத்துக்கொண்டது. நெக்கேசா எழுதியதை யாரோ போல் கேட்டவர், இவள் அம்மாவின் கோழியை அவர் அம்மாவின் கிழங்கு என்கிறாரே! எழுந்து ஓடலாம் போலவும் இருந்தது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

துரை பங்களாவைச் சொன்னபோது அபேனா உட்கார்ந்துவிட்டார். கேட்டு முடித்து மெதுவாகச் சொன்னார்; ஜெனிபரும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இவங்க பெரியம்மா ஒரு துரை ஊட்ல துணி தொவச்சாங்களாம். அவங்களுக்கும் தனி டப்பா இருந்துதாம்."

பிறகு அபேனா போனைக் கையில் எடுத்தார். "கோழி வர்ற பக்கத்த போட்டோ எடுக்கணுமாம். எழுதினவங்க யாருன்னு கண்டுபுடிச்சி வாங்கப் போறாங்களாம். குடு யக்கா" என்றாள் ஜெனிபர்.

ரோசம்மாள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். ஜெனிபர் சிரித்துக்கொண்டே பிடுங்கிவிட்டாள். புரட்டினாள். முன்னாலிருந்து புரட்டினாள், பின்னாலிருந்து புரட்டினாள். கிழிந்த கடைசிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யக்கா, கோழி எங்க? இதுல கதவத் தட்டறதோட முடிஞ்சிட்டுக்கீது."

எல்லாரும் ரோசம்மாளைப் பார்த்தார்கள். ஒரு பொய் போதும். மிச்சம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அபேனா தன் அம்மாவைச் சத்தம்போட்டுச் சொன்ன பிறகு, தன் அம்மாவை இன்னொருத்தி பேரில் ஒளித்துவைக்க ரோசம்மாளுக்கு மனசு வரவில்லை.

"கோழி புக்ல இல்ல" என்றாள். "அது எங்க ஊட்டுக் கோழி. ஏலத்துல நின்னது எங்கம்மா. கதவுக்கு அப்புறம் நான் படிச்சது எல்லாமே என் கதை."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஆமா, இவ பெரிய எழுத்தாளரு!" என்றாள் ஒருத்தி.

"சும்மா இரு யக்கா. அந்தம்மாவே அவங்க ஊரு கதைன்னு சொல்லுது. நீ எப்டி ஆப்பிரிக்காவ இட்டுக்கட்டுவ? பேப்பரத் தொலைச்சிட்டு சமாளிக்கிற" என்றாள் ஜெனிபர்.

"சத்தியமா என் கதைடி!"

"அப்ப அந்தத் துரை? திருவள்ளூர்ல ஏது துரை?"

ரோசம்மாளுக்கு அழுகையாக வந்தது. பொய்யைப் புத்தகம் என்று நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. அவர்களுக்கு எதைக் காட்டி நிரூபிப்பாள்? அம்மா இல்லை, கோழி இல்லை, ஊரை விட்டே வந்தாயிற்று.

குப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவாமல், சோறு காய்ந்த விரலோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொறவாசல்ல இன்னா மரம்னு படிச்ச?" என்று கேட்டாள்.

"கொடுக்காப்புளி."

"சங்கிலி?"

"மரத்துக்குள்ள போயிட்டுக்கும். ஒரு முனை மட்டும் தொங்கும்."

"எந்தப் பக்கம்?"

"கெணத்துப் பக்கம்."

குப்பம்மாள் ரோசம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முகம்தான். அதற்குள் ஒரு சின்னப் பெண்ணைத் தேடுகிறவள் மாதிரி, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள்.

"மரியா பொண்ணா நீ?"

ரோசம்மாள் தலையை ஆட்டினாள்.

என்ன நடக்கிறது என்று ஜெனிபரின் தோளைத் தொட்டு அபேனா கேட்டார். ஜெனிபருக்கே தெரியவில்லை.

குப்பம்மாள் விரலில் காய்ந்திருந்த சோற்றை உதிர்த்தாள். "நீ தப்பாச் சொல்லிட்ட. அது டப்பா இல்ல. கொட்டாங்குச்சி. வேலியிலயும் இல்ல, கூரையில சொருவி வெப்போம்." அப்புறம் கேட்டாள்: "டப்பான்னு ஏன்டி மாத்துன?"

"கொட்டாங்குச்சின்னு சொன்னா நீ கண்டுபுடிச்சிடுவன்னு பயந்துட்டேன்."

"ஜெனி, அந்தம்மாவுக்குச் சொல்லு" என்றாள் குப்பம்மாள். "கதை இவளுதுதான்னு சொல்லு. அந்தத் துரை ஊடு எங்க ஊடுன்னு சொல்லு. தலை பின்னிக்கினு குந்தினிருந்தவ நானுன்னு சொல்லு."

ஜெனிபர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவள் இங்கிலீஷுக்கு அன்றுதான் உண்மையிலேயே வேலை வந்தது. அபேனா குப்பம்மாளையும் ரோசம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். ரோசம்மாளின் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க எப்ப எழுதப் போறீங்கன்னு கேக்கறாங்க" என்றாள் ஜெனிபர்.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. அன்புராஜ் ஓடி வந்தார். குப்பம்மாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அவள் பஸ்ஸில் இடம் பிடிக்கவில்லை. முன்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

ரோசம்மாளுக்கு அன்று தூக்கமே இல்லை. சந்தோஷமா, பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எழுதப் போகிறீர்களா என்று கேட்கவில்லை அந்தம்மா; எப்போது என்றல்லவா கேட்டார்! ஆனால் குப்பம்மாள் நாளைக்கு வருவாளா? அவள் காது இல்லாமல் யாருக்குச் சொல்வது அந்தக் கதையை?

மறுநாள் மத்தியானம் ரோசம்மாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு கண்டெய்னரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பக்கத்து இடம் மட்டும் காலி. அதில் யாரும் உட்காரவில்லை.

"சொல்லு யக்கா, டைம் போவுது" என்றாள் ஜெனிபர்.

வலை மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் வரை ரோசம்மாள் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். படித்துக் காட்டுகிற குரல் வரவில்லை. அவளுடைய சொந்தக் குரல்தான் வந்தது. "எங்கம்மா பேரு மரியா..."

"இன்னாடி, என்ன உட்டுட்டு ஆரம்பிச்சிட்டியா?"

குப்பம்மாள்தான். மூச்சிரைக்க வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். ரோசம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸின் மூடியைத் திறப்பதிலேயே கண்ணாக இருந்தாள். அது சீக்கிரத்தில் திறக்கவில்லை.

"மொதல்லர்ந்து சொல்லு" என்றாள். "ஒண்ணையும் மாத்தாத. மாத்தினா நான் கண்டுபுடிச்சிடுவேன்."

ரோசம்மாள் கொட்டாங்குச்சியிலிருந்து ஆரம்பித்தாள்.